கம்ப்யூட்டர் பூட்டு திருடனைத் தடுக்குமா?

இரவு கடையை அடைக்கும் நேரத்தில் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கல்லாவை எண்ணி முடித்து, விளக்கை அணைத்து, ஷட்டரை இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பூட்டைப் போடுகிறோம். பூட்டு விழுந்ததா என்று ஒன்றுக்கு இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறோம். பத்தடி நடந்த பிறகு சந்தேகம் வந்து, திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பவர்களும் நம்மில் உண்டு. பூட்டை நம்புவதற்கு முன் அதை இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது நம் பெரியவர்கள் கற்றுக்கொடுத்த பாடம்.

ஆனால் நம் கடையில் ஒரே ஒரு பூட்டை மட்டும் நாம் இழுத்துப் பார்ப்பதே இல்லை. அது கல்லா மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரின் பூட்டு. திரையில் 'பாஸ்வேர்டு' கேட்கிறது. தெரியாதவர் உள்ளே போக முடியாது. அதனால் கணக்கு பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைப் பேசவே இக்கட்டுரை.

நடந்தது என்ன?

நம் வட்டாரத்து மளிகை மொத்த வியாபாரி ஒருவரின் கடையில் திருட்டு நடந்தது. ஷட்டரை நெம்பி வளைத்து உள்ளே புகுந்தவர்கள், கல்லாவில் சில்லறைக்காக வைத்திருந்த பணத்தையும், கேமராப் பதிவுப் பெட்டியையும், கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் விசாரிக்கப் போன நம்மிடம் அந்த அண்ணாச்சி சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "பெட்டி போனா போகட்டும். பாஸ்வேர்டு போட்டிருக்கேன், ஒருத்தனும் கணக்கைப் பார்க்க முடியாது."

அவருக்கு அப்போது இருந்த ஒரே ஆறுதல் அது. அதைக் கெடுக்க நமக்கு மனம் வரவில்லை. ஆனால் உண்மை அதுவல்ல என்பது நமக்குத் தெரியும். சங்க அலுவலகத்தில் உபயோகத்தில் இல்லாத பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. பழுது பார்க்கும் தம்பி ஒருவரை அழைத்து, "இதன் பாஸ்வேர்டு எங்களுக்கு நினைவில்லை, உள்ளே இருப்பதைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டோம். அவர் பாஸ்வேர்டைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. நாலு திருகாணியைக் கழற்றினார். உள்ளிருந்த தகவல் தட்டை, அதாவது ஹார்டு டிஸ்கை, வெளியே எடுத்தார். ஒரு சிறு கேபிள் மூலம் அதைத் தன் லேப்டாப்பில் மாட்டினார். நாம் டீ குடித்து முடிப்பதற்குள் ஆறு வருடத்துக் கணக்கும் அவர் திரையில் வரிசையாக வந்து நின்றது. பாஸ்வேர்டு என்று ஒன்றை யாரும் கேட்கவே இல்லை.

காரணம் எளியது. திரையில் தோன்றும் பூட்டு என்பது, வாசலில் நிற்கும் காவலாளி. கம்ப்யூட்டர் ஓடும்போது, விண்டோஸ் என்னும் மென்பொருள் விழித்திருந்து, "யார் நீ?" என்று கேட்கிறது. தட்டைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால், அந்தக் காவலாளி விழிப்பதே இல்லை. தட்டில் இருப்பது சாதாரண எழுத்தாக எழுதப்பட்ட ஏடு. எடுத்தவர் படிக்கலாம். கழற்றக்கூட வேண்டியதில்லை, வேறொரு இயங்குதளம் உள்ள பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினாலும் இதே கதைதான்.

காவலாளி விழித்திருக்கும்போதே ஏமாந்த கதைகளும் உண்டு. விண்டோஸ் 95, 98 இருந்த காலத்தில், பாஸ்வேர்டு கேட்கும் கட்டத்தில் 'கேன்சல்' பட்டனை அழுத்தினால் உள்ளே போய்விடலாம். 2017 நவம்பரில், ஆப்பிள் நிறுவனத்தின் 'ஹை சியரா' இயங்குதளத்தில் பயனர் பெயராக 'ரூட்' என்று தட்டி, பாஸ்வேர்டு இடத்தைக் காலியாக விட்டாலே முழு அதிகாரத்துடன் உள்ளே நுழைய முடிந்தது. விஷயம் வெளியான மறுநாளே அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. 2021 ஜனவரியில் 'லினக்ஸ் மின்ட்' என்னும் இயங்குதளத்தில், சிறு பிள்ளைகள் விளையாட்டாகப் பட்டன்களை மாற்றி மாற்றித் தட்டியதிலேயே பூட்டுத் திரை விழுந்துவிட்டது என்று அவர்களுடைய தகப்பனார் தெரிவித்தார். இவையெல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டன. ஆனாலும் திரைப்பூட்டு எத்தகையது என்பதை இவை காட்டுகின்றன. கடைப்பையனோ, வந்துபோகும் வாடிக்கையாளரோ, எட்டிப் பார்ப்பவரோ கை வைக்காமல் இருக்க அது போதும். பெட்டியையே தூக்கிப் போகிறவனுக்கு அது போதாது.

திருடனுக்கு நம் கணக்கு எதற்கு?

இதைச் சொன்னதும் நம் உறுப்பினர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "திருடன் பெட்டியை இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் விற்றுவிட்டுப் போகப் போகிறான். என் துவரம்பருப்புக் கணக்கை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?"

நியாயமான கேள்விதான். பெரும்பாலான திருடர்களுக்கு வேண்டியது பெட்டியே தவிரக் கணக்கு அல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பெட்டி அவனோடு நின்றுவிடுவதில்லை. அது பழைய சாமான் கடைக்குப் போகிறது. அங்கிருந்து பழுது பார்க்கும் இடத்துக்குப் போகிறது. பிறகு யார் வீட்டு மேசைக்கோ போகிறது. இத்தனை கைகளில் ஒரு கை கெட்ட கையாக இருந்தால் போதும்.

அந்தத் தட்டில் என்னதான் இருக்கிறது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எந்த மில்லில் எந்த விலைக்குச் சரக்கு எடுக்கிறோம், யாருக்கு எத்தனை நாள் தவணை, யாருக்கு எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் இருக்கிறது. போட்டிக் கடைக்காரர் கையில் அது கிடைத்தால் நம் வியாபாரமே அவர் உள்ளங்கையில். ஜி.எஸ்.டி. கணக்கின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வங்கியின் பாஸ்வேர்டைப் பிரௌசரே நினைவில் வைத்திருக்கிறது. ஆதார், பான் நகல்கள், காசோலைப் படங்கள், கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. சில கடைகளில் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கம்ப்யூட்டரில் செருகியது செருகியபடியே விட்டுப் போகிறோம். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போவோமா?

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. அது கடன் கணக்கு. மாதச் சம்பளம் வாங்கி முதல் வாரத்தில் பாக்கி தீர்க்கும் குடும்பங்கள், அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்று சொன்ன விவசாயிகள், மகள் கல்யாணத்துக்குச் சாமான் எடுத்துவிட்டு இன்னும் கொடுத்து முடிக்காதவர்கள் என எல்லோருடைய பெயரும், தொலைபேசி எண்ணும், பாக்கித் தொகையும் அதில் இருக்கின்றன. கடன் வைத்தவரின் மானத்தைக் கடைக்காரர் காப்பாற்ற வேண்டும் என்பது நம் தொழிலில் எழுதாத சட்டம். நாலு பேர் நிற்கும்போது பாக்கியைக் கேட்கக் கூடாது என்று நம் தகப்பனார்கள் நமக்குச் சொல்லவில்லையா? பேரேட்டை யார் கண்ணிலும் படாமல் கல்லாவுக்கு அடியில் வைத்துப் பூட்டியதும் அதற்காகத்தான். இன்று அந்தப் பேரேடு தெருவில் திறந்து கிடக்கலாம். நமக்கு அது தெரியாமலே போகலாம்.

இது நம் மனச்சாட்சி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தகவலைக் கணினியில் வைத்திருப்பவர் அதைத் தக்க முறையில் காக்க வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நாளை எவரும் "தெரியாது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சங்கேதம் நமக்குப் புதிதல்ல

அப்படியானால் வழி என்ன? தட்டில் எழுதும்போதே சங்கேத முறையில் எழுத வேண்டும். இதைத்தான் 'என்கிரிப்ஷன்' என்கிறார்கள். சாவி இல்லாமல் தட்டை எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அர்த்தமற்ற எழுத்துக் குப்பைதான் தெரியும்.

பெயர்தான் புதிது, இந்த யோசனை வணிகர்களாகிய நமக்குப் பரம்பரைச் சொத்து. ஜவுளிக் கடைகளில் புடவைச் சீட்டின் மூலையில் அடக்க விலையைச் சங்கேத எழுத்தில் எழுதும் வழக்கம் நாம் அறிந்ததே. திரும்பி வராத பத்து எழுத்துள்ள ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, எழுத்துக்கு ஓர் எண் என்று வைத்துக்கொள்வார்கள். சீட்டு வாடிக்கையாளர் கையில்தான் இருக்கும். ஆனால் சொல் தெரிந்த முதலாளிக்கும் விற்பனையாளருக்கும் மட்டுமே விலை விளங்கும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவதும் இதே கணக்குத்தான். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இருவருக்கு மட்டுமே தெரியும். ஏடு பிறர் கையில் போனாலும் எழுத்து விளங்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் பெட்டியோடு வந்தே இருக்கிறது. 'புரோ' வகையில் அதன் பெயர் 'பிட்லாக்கர்'. 'ஹோம்' வகையில், பெட்டியின் பாகங்கள் இடம் கொடுத்தால், 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று இருக்கும். ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் 'ஃபைல்வால்ட்'. தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள், நிறுவனக் கணக்கை மட்டும் தனியாகச் சங்கேதமாக்கும் 'டேலிவால்ட்' வசதியையும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க வழியில்லை என்பதை மனத்தில் வையுங்கள்.

இனி, பூட்டை இழுத்துப் பார்க்கும் முறை. கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி' என்ற இடத்தைத் திறந்தால் தட்டுகளின் படம் வரும். பிட்லாக்கர் போட்டிருந்தால் தட்டின் படத்தில் சிறு பூட்டு ஒன்று தெரியும். ஹோம் வகையில் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' என்ற தலைப்பின் கீழ் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா, அது இயங்குகிறதா என்று பார்க்கலாம். ஒரு நிமிட வேலை. இன்றே செய்யுங்கள்.

சாவி யாரிடம்?

இங்கேதான் நம் உறுப்பினர்களை முக்கியமாக எச்சரிக்க விரும்புகிறோம். சங்கேதப் பூட்டு போட்டால், 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் ஒன்று உண்டாகும். பெட்டியில் ஏதேனும் பாகத்தை மாற்றினாலோ, சில சமயம் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகோ, கம்ப்யூட்டர் அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லாவிட்டால் திருடனுக்கு எப்படியோ அப்படியே நமக்கும் கதவு திறக்காது. பூட்டுக்கு முதலாளி, திருடன் என்ற பேதம் தெரியாது. சாவி இருக்கிறதா என்பது மட்டுமே தெரியும்.

2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கம்ப்யூட்டர்களில் இந்தப் பூட்டு தானாகவே விழுகிறது; மீட்பு எண் அந்தக் கணக்கில் போய்ச் சேருகிறது. யாருடைய கணக்கு? நம் கடைகளில் கம்ப்யூட்டரை நிறுவித் தருகிறவர், "அண்ணாச்சி, உங்க மெயில் ஐடி என்ன?" என்று கேட்டு, நாம் "அதெல்லாம் தெரியாதுப்பா, நீயே ஏதாவது போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டால், அவருடைய கணக்கு. இரும்புப் பெட்டியை நாம் வாங்கி, சாவியைத் தச்சரிடம் கொடுத்து அனுப்பியது போல. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஊர் மாறிப் போனால், கடையை மூடிவிட்டால், நம் கணக்கின் கதி என்ன?

எனவே, நம் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கி, நம் கையால் பாஸ்வேர்டு வைக்க வேண்டும். மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி, வீட்டு இரும்புப் பெட்டியிலோ வங்கி லாக்கரிலோ வைக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரின் அடியில் ஒட்டி வைப்பதும், கல்லா இழுப்பறையில் வைப்பதும் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்குச் சமம்.

பூட்டினால் போதாது, அணைக்க வேண்டும்

இன்னொன்று. நம்மில் பலர் இரவில் கம்ப்யூட்டரை அணைப்பதில்லை. திரையை மட்டும் பூட்டிவிட்டுப் போகிறோம். சங்கேதப் பூட்டு போட்டிருந்தாலும், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதன் சாவி நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினாலும் நினைவகச் சில்லுகளில் இருப்பது உடனே அழிவதில்லை, குளிரூட்டினால் இன்னும் அதிக நேரம் நிற்கிறது என்பதை 2008-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். நம் ஊர்த் திருடன் அவ்வளவு தூரம் போக மாட்டான் என்றாலும், அணைத்துவிட்டுப் போவதற்குச் செலவு ஒன்றும் இல்லையே! பகலில் டீ குடிக்க எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், திரை பூட்டிக்கொள்ளும். இரவில் முழுவதுமாக அணையுங்கள். திரைப்பூட்டின் வேலை பகலுக்கு. சங்கேதப் பூட்டின் வேலை இரவுக்கு.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவூட்டுகிறோம். அதை வைத்திருப்பவர்கள் மாற்று ஏற்பாட்டைத் தள்ளிப் போட வேண்டாம்.

கைபேசியைப் பொறுத்தவரை நிலைமை சற்று நல்லது. ஐபோன்களில் 2014 முதலும், ஆண்ட்ராய்டு 10 உடன் 2019-இலிருந்து வந்த புதிய கைபேசிகளிலும் உள்ளிருக்கும் தகவல் சங்கேதமாகவே இருக்கிறது. அதனால் அங்கே திரைப்பூட்டு உண்மையான பூட்டு. நாலு இலக்கம் என்றால் பத்தாயிரம் வாய்ப்புகள். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம். ஆறு இலக்கமே போடுங்கள். ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. பூட்டிய திரையிலேயே ஓ.டி.பி. எண் தெரியும்படி விட்டிருக்கிறோம், அதை மறையுங்கள். சிம் கார்டைக் கழற்றி வேறு கைபேசியில் போட்டால் ஓ.டி.பி. அங்கே போகும், அதைத் தடுக்க சிம் கார்டுக்கே தனி எண் பூட்டு போடலாம்.

பூட்டு காக்கும், பூட்டு திருப்பித் தராது

அந்த அண்ணாச்சியின் கதைக்கு வருவோம். அவருடைய பெட்டி திரும்ப வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன் எடுத்த நகல் ஒரு பென்டிரைவில் இருந்தது. அந்தப் பென்டிரைவ் கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்தது. அதுவும் சேர்ந்து போயிற்று. அவரும் கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்து, பில் புத்தகங்களையும் துண்டுச் சீட்டுகளையும் வைத்து, நினைவிலிருந்து கடன் கணக்கை எழுதினார்கள். செய்தி கேட்டுத் தாமாகவே வந்து, "என் பாக்கி இவ்வளவு அண்ணாச்சி" என்று சொன்னவர்கள் பலர். ஒன்றும் தெரியாதது போல் வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. போன பணத்தைவிட, வராத முகங்கள்தான் அவரை அதிகம் வருத்தின.

எனவே நகல் அவசியம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள் தக்க நகல் எடுத்து வைக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. வாரம் ஒரு முறையாவது நகல் எடுத்து, அதையும் சங்கேதப் பூட்டுடன், கடையில் அல்லாமல் வீட்டில் வையுங்கள். திருட்டு நடந்துவிட்டால் போலீசில் புகார் கொடுப்பதோடு நிற்காமல், அன்றே வங்கிக்கும் தெரிவித்து, எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

கம்ப்யூட்டர் விற்பனையாளர்களிடமும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பில்லில் தட்டின் அளவையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதித் தருகிறீர்கள். சங்கேதப் பூட்டு போடப்பட்டிருக்கிறதா, மீட்பு எண் வாங்கியவரிடம் ஒப்படைக்கப்பட்டதா என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதித் தாருங்கள். பூட்டு விற்பவர் சாவியை எண்ணிக் கொடுப்பது வழக்கம். நீங்களும் எண்ணிக் கொடுங்கள். இதை நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவர வேண்டும் என்பது நம் கருத்து.

வணிகப் பெருமக்களே! ஷட்டர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாம் வீட்டுக்குப் போகிறோம். கடைக்குள் இருக்கும் இந்தப் பூட்டையும் இன்று இரவு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அது நம்மை நம்பிக் கடன் சொன்னவர்களின் பெயர்களைக் காக்கும் பூட்டு.